தரம் 6 முதல் 9 வரை: வகுப்பில் நடப்பதை வீட்டுக்குத் தெரியப்படுத்துவது எப்படி?

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை, பிள்ளை எந்த வினாத்தாளில் எத்தனை புள்ளி எடுத்தது என்பது தாய்க்கு மனப்பாடமாக இருக்கும். அதே பிள்ளை ஆறாந்தரத்துக்குப் போய் மூன்று மாதம் கழிந்தபின், "கணிதத்தில இப்ப என்ன படிப்பிக்கிறாங்க?" என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இராது. அக்கறை குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆரம்பப் பிரிவில் ஒரு வகுப்பாசிரியர் இருந்த இடத்தில் இப்போது பாடத்துக்கொருவர் வருகிறார். யாரிடம் எதைக் கேட்பதென்று தெரியவில்லை, பாடசாலையும் தானாகச் சொல்வதில்லை. பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் அது முறைப்பாடாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் பழகிப்போகிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தரம் 6 முதல் 9 வரை வகுப்பாசிரியர் பொறுப்பை முதல் தடவையாக எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அடிப்படை இதுதான்: கொஞ்சமாகச் சொல்லுங்கள், கிழமைக்கு ஒருதரம் சொல்லுங்கள், ஒரே நாளில் ஒரே வடிவில் சொல்லுங்கள். தவணைக்கு ஒருமுறை நீண்ட கூட்டம் வைத்து எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் நிற்காது.

முதல் வாரம்: வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வரவு இடாப்பில் இருக்கும் தந்தை பெயரும் தொலைபேசி இலக்கமும் போதாது. தாய் கட்டாரிலோ குவைத்திலோ வேலையில் இருப்பார், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கும். தகப்பன் வட்டைக்கு, அதாவது வயலுக்குப் போனால் அறுவடை முடியும்வரை அங்குள்ள வாடியில் (குடிசையில்) தங்குவார். இடாப்பில் உள்ள இலக்கம் சித்தப்பாவின் பழைய சிம் ஆக இருக்கும். ஆகவே தனியாக ஒரு தாள் போடுங்கள். பிள்ளையின் பெயருக்கு நேரே ஆறு நிரல்கள்:

- பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறது
- படிப்பு விஷயத்தைப் பேச வேண்டியவர் யார், பிள்ளைக்கு என்ன முறை
- அவருடைய இலக்கம், அது யாருடைய கையில் இருக்கும் போன்
- பட்டன் போனா, வட்ஸ்அப் உள்ள போனா
- எழுத்தாகவா குரலாகவா அனுப்ப வேண்டும்
- எந்த நேரம் எடுத்தால் பேச முடியும்

ஐந்தாவது நிரலைக் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று யாரையும் கேட்காதீர்கள். "எழுதி அனுப்பவா, பேசி அனுப்பவா, எது உங்களுக்கு வசதி?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்டால் யாருக்கும் கூச்சம் வராது. இந்தத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்பச் சொல்லவும் வேண்டாம். தகப்பன் இல்லாத பிள்ளை, வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளை, பக்கத்து மேசைக்காரன் பார்க்க எழுத வேண்டி வரும். முதல் இரண்டு கிழமைக்குள் நீங்களே வீட்டுக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். 35 பிள்ளைகள் என்றால் நாளைக்கு நான்கு அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். அந்த முதல் அழைப்பில் முறைப்பாடு எதுவும் இராது. பாடசாலையிலிருந்து சும்மா ஒரு நல்ல அழைப்பு வந்த ஞாபகம், பின்னால் கசப்பான விஷயம் பேச வேண்டி வரும்போது கை கொடுக்கும்.

தாளைப் பூட்டி வையுங்கள். ஆசிரியர் மேசைமேல் கிடக்கும் பொருள் அல்ல அது.

தவணைக் கடிதம்: ஒரு தாள், ஒரு பக்கம்

ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் ஒரு ஏ4 தாளில் ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும். பெற்றோருக்குப் போகும் எந்த எழுத்தும் அதிபர் பார்த்து, ஒப்பமும் முத்திரையும் இட்ட பின்னரே வெளியே போகட்டும். புதியவர்கள் இதைத் தவறவிட்டுத்தான் அநியாயமாகச் சிக்கலில் மாட்டுகிறார்கள். பகுதித் தலைவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: இந்தத் தவணையில் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எதைச் செய்யக் கற்கப்போகிறது (பாடத்துக்கு ஒரு வரி), முக்கிய திகதிகள், கொண்டுவர வேண்டிய பொருட்கள், உங்களை எப்போது எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்பது.

இதில் கடினமான இடம் அந்த ஒரு வரிதான். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சிகளையும் தேர்ச்சி மட்டங்களையும் அப்படியே பார்த்தெழுதினால் பெற்றோர் இரண்டாவது வரியோடு நிறுத்திவிடுவார்கள். அவை ஆசிரியருக்காக எழுதப்பட்டவை. ஒவ்வொன்றையும் "பிள்ளைக்கு இது தெரிந்தால் வீட்டில் என்ன செய்து காட்டும்?" என்ற கேள்வியால் உரசிப் பாருங்கள்.

உதாரணமாக, ஆறாந்தரக் கணிதத்தில் பின்னம் வருகிறது. "பின்னங்களின் கூட்டல், கழித்தல் கணிதச் செய்கைகளை விருத்தி செய்தல்" என்று எழுதினால் வீட்டில் ஒருவருக்கும் பிடிபடாது. "அரைக் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் முக்கால் கிலோ என்பதைப் படம் வரைந்து விளக்குவார்" என்று எழுதினால், எழுத்து வாசிக்காத அம்மம்மாகூடப் பிள்ளையைச் சோதித்துப் பார்க்கலாம். விஞ்ஞானத்தில் நீர் பற்றிய அலகு என்றால், "நம்முடைய கிணற்று நீர் உவரா நல்ல தண்ணியா, ஏன் என்று சொல்வார்" என எழுதுங்கள். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் இருக்கும் வீடுகளில் இதைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். வரலாறு, குடியுரிமைக் கல்வி, புவியியல் போன்ற பாடங்களுக்கு இப்படி எழுதுவது சற்றுச் சிரமம். "இலங்கைப் படத்தில் மகாவலி, கல்லோயா ஆறுகளைக் காட்டுவார்" என்பதுபோல், கண்ணால் பார்த்துச் சரி பிழை சொல்லக்கூடிய ஒன்றைப் பிடியுங்கள்.

எல்லாப் பாட ஆசிரியர்களிடமிருந்தும் வரியைப் பெறுவது இன்னொரு வேலை. வாயால் கேட்டால் "பிறகு தாறன்" என்பார்கள், அது தவணை முடிவில்தான் வரும். பாடங்களின் பெயரை வரிசையாக எழுதிய ஒரு தாளை ஆசிரியர் ஓய்வறையில் வையுங்கள். உங்கள் சொந்தப் பாடத்துக்கான வரியை முதலில் எழுதி வையுங்கள். மாதிரி கண்முன்னே இருந்தால் மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். நிரம்பாத பாடத்துக்கு அந்த ஆசிரியரின் பாடத்திட்டத்தைப் பார்த்து நீங்களே எழுதி, "இது சரியா?" என்று மட்டும் கேளுங்கள்.

கிழமைக் குறிப்பு

இந்த வழிகாட்டியில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தமிழ்ப் பாடசாலை என்றால் வெள்ளி, முஸ்லிம் பாடசாலை என்றால் வியாழன். ஜும்மா நாளில் பாடசாலை முந்தி விடுவதால் வெள்ளிக்கிழமை அனுப்பும் தாள் பையிலேயே கசங்கிப் போகும். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் இரவு 7 மணிக்குப் பின் அனுப்புங்கள். பகலில் போன் பெரும்பாலும் பிள்ளையிடமும் இராது, பெற்றோரிடமும் ஓய்விராது.

ஒரு கிழமைக்கு மூன்று பாடங்கள் போதும், சுழற்சியாகப் போகட்டும். எல்லாப் பாடத்தையும் அடைத்தால் யாரும் வாசிக்கமாட்டார்கள். வடிவம் இப்படி:

> தரம் 6ஆ – இந்தக் கிழமை
> படித்தது: கணிதத்தில் பின்னங்களைக் கூட்டுதல். விஞ்ஞானத்தில் நீர். தமிழில் கடிதம் எழுதுதல்.
> வீட்டில் கேளுங்கள்: அரைக் கிலோ சீனியும் கால் கிலோ சீனியும் சேர்ந்தால் எவ்வளவு? தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.
> கொண்டுவர: புதன்கிழமை, வீட்டுக் கிணற்று நீர் ஒரு சிறிய போத்தலில்.
> திகதி: அடுத்த வியாழன் கணிதச் சிறு சோதனை, 25 புள்ளி.

"வீட்டில் கேளுங்கள்" என்ற வரிதான் இதன் உயிர். பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத கேள்வியாக அது இருக்கட்டும். பிள்ளை தன் வாயால் விளக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். "படிச்சியா?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்துவிடும். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் தவிருங்கள்.

குரல் கேட்கும் வீடுகளுக்கு இதையே ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்புங்கள். எழுதியதை வாசிக்காமல், பேசுவதுபோலப் பேசுங்கள்: "வணக்கம், ஆறு ஆ வகுப்பு டீச்சர் பேசுறன். இந்தக் கிழமை புள்ளைகள் பின்னம் கூட்டப் படிச்சிருக்காங்க. இரவைக்குச் சாப்பிட்ட மறுகா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அரைக் கிலோ சீனி, கால் கிலோ சீனி, ரெண்டும் சேர்ந்தா எவ்வளவு? சும்மா சொன்னாப் போதாது, வரைஞ்சு காட்டணும்." மருதமுனையிலோ காத்தான்குடியிலோ படிப்பிப்பவர் ஸலாம் சொல்லித் தொடங்கி, உம்மாவையும் வாப்பாவையும் முறைசொல்லிப் பேசுவார். ஊர் வழக்கில் பேசுவதால் ஆசிரியரின் மதிப்புக் குறையாது.

வெளிநாட்டிலுள்ள தாய்மாருக்கும் இதே குரல் செய்தியை அனுப்புங்கள். சவூதி, குவைத், கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னே, டுபாய், ஓமான் ஒன்றரை மணித்தியாலம் பின்னே. வீட்டு வேலையில் இருப்பவர் இரவு வேலை முடிந்துதான் போனைத் தொடுவார். ஆகவே நேரே அழைப்பு எடுக்காமல், அவருக்கு வசதியான நேரத்தில் கேட்கும்படி செய்தியாக விடுங்கள். தூரத்தில் இருந்தாலும் அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் வீடியோ அழைப்பில் கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதைத் தாண்டிப் பேச அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது.

வட்ஸ்அப்பில் பிழைக்கும் இடங்கள்

குழு தொடங்கும் அன்றே, நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் காலை வணக்கப் படங்களும் அரசியலும் உங்கள் குறிப்பை மூடிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். தனியே இருக்கும் பெண்கள் பலர் இதை விரும்பமாட்டார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். சேர்க்குமுன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள். விரும்பாதவர்களுக்கு ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பலாம். ஆனால் அவர்கள் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருந்தால் மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். முதல் அழைப்பிலேயே பதியச் சொல்லிவிடுங்கள்.

பாடசாலைக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே பிரதி எடுத்து ஒட்டினால், போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் எழுத்துரு, அது போனில் இல்லை. யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், அல்லது போனிலேயே தமிழில் அடியுங்கள். பிடிஎஃப், படம் என்று அனுப்புவதைவிட வெறும் எழுத்தே நல்லது. டேட்டா குறைந்த போனிலும் அது திறக்கும்.

புள்ளிப் பட்டியல், பிள்ளை அழும் அல்லது தண்டனை பெறும் படம், வராத பிள்ளைகளின் பெயர், காசு கட்டாதவர் பெயர் எதையும் குழுவில் போடாதீர்கள். வகுப்பறைப் படம் போடுவதென்றாலும் பெற்றோர் சம்மதம் வேண்டும். இயலுமானால் இதற்கென்று தனி சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இரவு 8 மணிக்குப் பின் பதில் எழுதுவதில்லை என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போன் இல்லாத வீடுகள்

40 பக்கக் கொப்பி ஒன்றைத் தகவல் கொப்பியாக வையுங்கள். கிழமைக் குறிப்பை அரை ஏ4 தாளில் எடுத்து அதில் ஒட்டச் செய்யுங்கள். ஒரு தாளில் இரண்டு குறிப்பு வரும், 35 பிள்ளைகளுக்கும் கொடுத்தாலும் 18 தாள்தான். போன் இல்லாத ஐந்தாறு பேருக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் தனித்துத் தெரிவார்கள். எல்லோருக்கும் கொடுப்பதே நல்லது. போட்டோக் கொப்பி எடுக்க வசதியில்லையென்றால் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே பார்த்தெழுதச் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

கையொப்பம் இருந்தால் பெற்றோர் பார்த்துவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். பிள்ளைகள் அம்மாவின் ஒப்பத்தை அழகாகப் போடுவார்கள். அதனால் கையொப்பத்துக்குப் பதிலாக, "கேட்ட கேள்விக்குப் பிள்ளை என்ன சொன்னது?" என்று ஒரு வரி இடம் விடுங்கள். எழுதத் தெரியாத வீட்டில் அண்ணனோ அக்காவோ கேட்டு எழுதட்டும். கிழமைக்கு மூன்று வீடுகளுக்கு எழுந்தமானமாக அழைத்துச் சரிபார்த்தால் நிலைமை விளங்கிவிடும்.

பிள்ளையின் சொந்த இலக்கு

வகுப்பின் இலக்கு வேறு, பிள்ளையின் இலக்கு வேறு. தவணை தொடங்கி மூன்றாம் கிழமையில், ஒவ்வொரு பிள்ளையும் தன் கையெழுத்தில் ஒரு துண்டில் ஒரே ஒரு இலக்கு எழுதி வீட்டுக்குக் கொண்டு போகட்டும். "நன்றாகப் படிப்பேன்" என்பது இலக்கு அல்ல, அதை அளக்க முடியாது. "தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பேன்", "12ஆம் வாய்பாடு வரை பார்க்காமல் சொல்வேன்" போன்றவை சரி. வாசிப்பில் பின்தங்கியே ஆறாந்தரத்துக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாசிப்பு இலக்கைத் தவிர வேறொன்றும் கொடுக்காதீர்கள், மற்றப் பாடங்கள் அதற்குப் பின்னால்தான் வரும். தவணை நடுவில் ஒருமுறை அதே துண்டில் "எட்டியது / பாதி / இன்னும் இல்லை" என்று குறித்து மீண்டும் வீட்டுக்கு அனுப்புங்கள்.

பெற்றோர் கூட்டம்

வராத பெற்றோரைக் குறை சொல்லுமுன் நேரத்தைப் பாருங்கள். கரைவலை இழுக்கும் மீனவக் கிராமத்தில் காலை நேரம் சரிவராது. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பகல் முழுக்கச் சரிவராது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊரில் அந்தக் கிழமையைத் தொடாதீர்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. கார்த்திகை, மார்கழி மழையில் தாம்போதிகளின் (நீரோட்டத்தைக் கடக்கும் தாழ்வான பாதைகளின்) மேலால் வெள்ளம் பாயும். மூன்றாந்தவணைக் கூட்டத்தை அதற்கு முன்னரே வைத்துவிடுங்கள். குருமண்வெளி – மண்டூர் போன்ற பாதையில் வாவி கடந்து வருபவர்கள் இருந்தால், அவர்கள் திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு முடிவு நேரத்தைக் குறியுங்கள்.

வாவியின் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போய்ப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பாடசாலை முடிந்த உடனே பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் பெற்றோருக்கு உங்களைக் காண நேரமே கிடைக்காது. கிழமையில் ஒரு நாள், உங்களுக்குப் பாடம் இல்லாத ஒரு பாடவேளையைச் "சந்திப்பு நேரம்" என்று தவணைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அழைப்பில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எத்தனை மணிக்கு முடியும், காசு சேகரிப்பு இல்லை. பாடசாலைக் கூட்டம் என்றால் ஏதோ நிதி கேட்பார்கள் என்று பயந்தே பலர் வரமாட்டார்கள். அபிவிருத்திச் சங்கத்தின் காசு விஷயத்தை வேறு நாளுக்கு ஒதுக்குங்கள், ஒரே கூட்டத்தில் கலக்காதீர்கள்.

கூட்டம் 45 நிமிடம். முதல் 15 நிமிடம், பிள்ளையின் கொப்பிகளையும் சித்திரங்களையும் அவரவர் மேசையில் வைத்து, பெற்றோரை அந்தக் கதிரையில் இருந்து பார்க்க விடுங்கள். அடுத்த 15 நிமிடம், வரும் தவணையில் என்ன, வீட்டில் என்ன செய்யலாம் என்று பேசுங்கள். மிச்ச நேரம் கேள்விகளுக்கு. புள்ளிகளை ஒருபோதும் சத்தமாக வாசிக்காதீர்கள். குறைந்த புள்ளி வாசிக்கப்பட்ட தாய் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், வந்தாக வேண்டியவர் அவர்தான். தனியே பேச வேண்டியவர்களுக்கு வேறு நேரம் கொடுங்கள்.

தேர்ச்சி அறிக்கை

"வகுப்பில எத்தினையாம் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேறெதுவும் பேச முடியாது. அறிக்கையோடு மூன்று வரி எழுதிய துண்டு ஒன்றை இணையுங்கள்: செய்யத் தெரிந்தது, இன்னும் பிடிபடாதது, அடுத்து முயல வேண்டியது. 35 பிள்ளைகளுக்கு எழுதுவது மலைப்பாகத் தெரியும். நாளைக்கு ஏழு பிள்ளை, ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஐந்து நாளில் முடியும். "கவனம் போதாது", "முயற்சி செய்க" என்ற முத்திரை வசனங்களை எழுதாதீர்கள். "பின்னத்தைக் கூட்டுகிறார், கழிக்கும்போது பகுதி எண்ணைச் சமப்படுத்த மறக்கிறார்" என்று எழுதினால், பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்கூட எங்கே தொடங்குவதென்று அறிந்துகொள்வார்.

கசப்பான விஷயம் சொல்லும்போது

எழுத்தில் சொல்லாதீர்கள், பிள்ளையிடம் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். போனில் அல்லது நேரில், இந்த ஒழுங்கில் பேசுங்கள்: பிள்ளை நன்றாகச் செய்த ஒன்று, நடந்தது என்ன (எந்த நாள், என்ன செயல்), பாடசாலை என்ன செய்கிறது, வீட்டில் என்ன நினைக்கிறார்கள். கடைசியில் அவர்களைப் பேச விடுங்கள். "உங்கட மகன் சரியான குழப்படி" என்பது தகவல் அல்ல. "செவ்வாயும் புதனும் கடைசி இரண்டு பாடவேளைக்கு வகுப்பில இல்ல" என்பது தகவல். பேசிய திகதியையும் முடிவையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

வரவில் மூன்று நாள் தொடர்ந்து வெற்றிடம் வந்தால் அன்றே அழையுங்கள். இரண்டு கிழமை விட்டால், கடைக்கோ வட்டைக்கோ போய்ச் சம்பாதிக்கப் பழகிய பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம். 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதையும் மிரட்டலாக அல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: வீட்டிலேயே பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால், வீட்டுக்கு முதலில் அறிவிக்காதீர்கள். அதிபரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

வருட முடிவில்

தொடர்புத் தாளை அடுத்த வகுப்பாசிரியரிடம் கையில் கொடுங்கள். மாறிய இலக்கங்களைத் திருத்தி, எந்த வீட்டுக்குக் குரல், எந்த வீட்டுக்குத் தாள், யாரோடு எந்த நேரம் பேசலாம் என்பதை மட்டும் விடுங்கள். பிள்ளையின் குழப்படிக் கதைகளை அந்தத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். வட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டுப் போங்கள், புதிய வகுப்பாசிரியர் புதிதாகச் சம்மதம் கேட்டுத் தொடங்கட்டும்.